கல்லுடைப்பவர்கள் போட்ட பாதைகள்: டோர்செட் கடலோரத்தில் ஒரு கிராமம்

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் மாவட்டத்தில், பர்பெக் என்றொரு தீபகற்பம் இருக்கிறது. அதன் மேட்டுநிலத்தில் இருக்கும் சின்ன ஊர் வொர்த் மட்ராவர்ஸ். வீடுகளின் சுவர் சாம்பல் நிறக் கல், கூரையும் கல்தான். வாத்துகள் நீந்தும் ஒரு குளம், நார்மன் காலத்துத் தேவாலயம், ஒரு மதுவிடுதி. அவ்வளவுதான் ஊர். கால் மணி நேரத்தில் சுற்றிவந்துவிடலாம்.

ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஊர் வேறு மாதிரி தெரியும். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே 1:25,000 அளவில் போடும் ஆரஞ்சு அட்டை வரைபடங்களில் பொது நடைபாதைகள் பச்சைக் கோடுகளாக விட்டுவிட்டு வரையப்பட்டிருக்கும். வொர்த் மட்ராவர்ஸிலிருந்து அந்தப் பச்சைக் கோடுகள் எல்லாத் திசையிலும் கிளம்புகின்றன. தெற்கே கடலுக்கு மட்டும் தனித்தனியாகச் சில வழிகள். கிழக்கே ஸ்வானேஜ் நகரத்துக்கு ஒன்று. தென்மேற்கே செயின்ட் ஆல்தெல்ம் முனைக்கு ஒன்று. மேற்கே சாப்மன்ஸ் பூல் என்ற சிறு வளைகுடாவுக்கு ஒன்று. இவற்றின் குறுக்கே, கடற்கரையை ஒட்டி, தென்மேற்குக் கடலோரப் பாதை ஓடுகிறது. இத்தனை சின்ன ஊருக்கு இத்தனை வழிகள் எதற்கு?

இன்றைக்கு இந்தப் பாதைகளில் முதுகுப்பையும் கைத்தடியுமாக நடப்பவர்களைப் பார்த்தால், இவை நடைப்பயணிகளுக்காகவே போட்டவை என்றுதான் தோன்றும். உண்மையில் பழைய பாதைகளில் எதுவும் பொழுதுபோக்குக்காகப் பிறக்கவில்லை. கல்லுடைக்கப் போனவர், கல்லைக் கடலுக்கு இழுத்துப் போனவர், பூசை வைக்கப் போன பாதிரியார், கடத்தல்காரரைப் பிடிக்கக் காவல் நடந்தவர் என்று ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பிழைப்பு இருந்தது. பிழைப்பு போனபிறகும் பாதை நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் சட்டம். அழகான காட்சியைப் பற்றி எழுதுபவர்கள் நிறையப் பேர். எனக்கு இந்த இரண்டு விஷயங்களும்தான் முக்கியமாகப் படுகின்றன: யார் நடந்து இந்தப் பாதையைப் போட்டார்கள், யார் அதை மூடவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

கடலுக்கு இறங்கும் வழி

ஊரிலிருந்து தெற்கே இறங்கும் பாதைகளில் எனக்கு மிகப் பிடித்தது வின்ஸ்பிட் போவது. சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். முதலில் வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து, அப்புறம் புல்வெளி, அப்புறம் இரண்டு குன்றுகளுக்கு இடையே ஒடுங்கிய பள்ளத்தாக்கு. கிழக்குக் குன்றின் பெயர் ஈஸ்ட் மேன், மேற்குக் குன்று வெஸ்ட் மேன். சரிவுகளைக் கவனித்துப் பார்த்தால் அகலமான படிகள் மாதிரி மடிப்புகள் தெரியும். இடைக்கால உழவர்கள் சரிவை வெட்டி, சமதளத் துண்டுகளாக்கி, ஏர் ஓட்டிய நிலங்கள் அவை. இன்று அங்கே ஆடுகள் மேய்கின்றன. மாலை வெயில் சாய்ந்து விழும்போது நிழல் விழுந்து ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியும். உச்சி வெயிலில் போனால் வெறும் புல்மேடுதான்.

பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் கடல். அதன் இரு பக்கமும் பழைய கல்குவாரி. பாறை முகத்தில் சதுரமாக வாய் திறந்த குகைகளைப் பார்த்து இயற்கையானவை என்று நினைப்பவர்கள் உண்டு. அவை மனிதர் குடைந்தவை. நல்ல கல் ஒரு குறிப்பிட்ட அடுக்கில்தான் கிடைக்கும். அதற்கு மேலே இருப்பதையெல்லாம் அகற்றுவது கட்டாது. அதனால் பக்கவாட்டில் குடைந்துகொண்டே போய், மேல்தளம் இடிந்து விழாமல் இருக்க ஆங்காங்கே கல்லையே தூணாக விட்டுவிடுவார்கள். அந்தத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தோடு இங்கே வேலை நின்றுபோனது. பெரிய குதிரைலாட வௌவால் என்ற அரிய இனம் இந்தக் குகைகளில் தங்குகிறது. அதற்காகவும், கல் விழும் ஆபத்துக்காகவும் சில வாய்களுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள்.

வெட்டிய கல்லை ஊர்ப்பக்கம் மேலே ஏற்ற முடியாது. சரிவு கடுமை, அந்தக் காலத்துச் சாலைகளும் மோசம். ஆகவே கல் கடல்வழியாகத்தான் போனது. பாறை விளிம்பில் மரத்தால் ஒரு பாரந்தூக்கி நட்டு, கல்லைச் சங்கிலியில் கட்டித் தட்டையான படகில் இறக்குவார்கள். படகு அதைச் சற்றுத் தள்ளி நங்கூரமிட்டிருக்கும் பாய்மரக் கப்பலுக்குக் கொண்டுபோகும். கடல் அமைதியாக இருக்கும் நாளில் மட்டுமே இது நடக்கும். ஆக, இந்தப் பாதையில் கல் மேலே போகவில்லை. ஆட்கள்தான் காலையில் இறங்கி மாலையில் ஏறினார்கள். பாதை இவ்வளவு ஒடுக்கமாக இருப்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வண்டி போக வேண்டிய தேவையே இருந்ததில்லை.

பக்கத்துப் பள்ளத்தாக்கு சீகோம். அங்கும் குவாரிதான். அதற்கும் கிழக்கே, கடலோரமாக நடந்தால் டான்சிங் லெட்ஜ் வரும். கல் எடுத்து எடுத்துத் தட்டையாகிப்போன பெரிய பாறைத்தளம் அது. கென்ட் மாவட்டத்து ராம்ஸ்கேட் துறைமுகம் கட்ட இங்கிருந்து நேராகக் கப்பலில் கல் போனது. பாறைத்தளத்தின் நடுவே வெடிவைத்துக் குடைந்த ஒரு சின்ன நீச்சல்குளம் இருக்கிறது. பக்கத்து லாங்டன் மட்ராவர்ஸில் இருந்த ஒரு பள்ளியின் சிறுவர்கள் குளிப்பதற்காகச் செய்தது. ஒவ்வொரு ஏற்றத்திலும் கடல் வந்து அதன் தண்ணீரை மாற்றிவிட்டுப் போகும். பள்ளி மூடிப் பல காலம் ஆகிறது. கோடையில் இப்போது யார் வேண்டுமானாலும் இறங்கிக் குளிக்கிறார்கள். ஆனால் கடைசி இறக்கத்தில் கைகளையும் ஊன்றித்தான் இறங்க வேண்டும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசித்துப் போவது நல்லது.

சீகோமுக்கும் வின்ஸ்பிட்டுக்கும் இடைப்பட்ட இந்தப் பாறைகளுக்குத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு தொடர்பு உண்டு. 1786 ஜனவரி 6 அன்று அதிகாலை, லண்டனிலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஹால்ஸ்வெல் இங்கேதான் உடைந்தது. ஆங்கிலக் கால்வாயைக்கூடத் தாண்டவில்லை. பனிப்புயலில் பாய்மரங்களை இழந்து, கரைக்கு அடித்துவரப்பட்டு, செங்குத்துப் பாறையின் அடியில் மோதியது. கப்பலில் 240க்கும் மேற்பட்டவர்கள். பிழைத்தவர்கள் 74 பேர். கப்டன் ரிச்சர்ட் பியர்ஸும் அவருடன் பயணம் செய்த இரண்டு மகள்களும் இறந்தவர்களில் அடக்கம்.

பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதுதான் இந்தப் பாதைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. பாறைக்கு அடியில் இருந்த ஒரு குகைக்குள் பலர் தொற்றிக்கொண்டார்கள். இருட்டு, பனி, அலை. விடிவதற்குள் பலர் கைவிட்டுப் போய் விழுந்து இறந்தார்கள். கப்பலின் சமையல்காரரும் இன்னொருவரும் எப்படியோ பாறையைப் பிடித்து மேலே ஏறி, பக்கத்துப் பண்ணைவீட்டை அடைந்தார்கள். அங்கிருந்து செய்தி போய், குவாரித் தொழிலாளர்கள் கயிறுகளோடு வந்தார்கள். தினமும் அதே பாறையில் கல் இறக்கிப் பழகிய கைகள். எங்கே நின்றால் கால் நிற்கும், எங்கே கயிறு கட்டினால் தாங்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். ஒவ்வொருவராகத் தூக்கி எடுத்தார்கள். இன்று அந்த இடத்துக்கு மேலே கடலோரப் பாதை போகிறது. விளிம்புக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் கூடாது. சற்றுத் தள்ளி நின்று, காற்று அடிக்கும் நாளில் கீழிருந்து வரும் அலையின் சத்தத்தைக் கேட்டாலே போதும்.

மிளகு கொடுத்துக் காத்த வழி

சரி, சட்டத்துக்கு வருவோம். இந்தப் பாதைகள் எல்லாம் தனியார் அல்லது அறக்கட்டளை நிலத்தின் வழியாகத்தான் போகின்றன. விவசாயியின் வயல், யாரோ ஒருவரின் தோட்ட ஓரம், சில இடங்களில் வீட்டு முற்றம்கூட. நிலம் அவருக்குச் சொந்தம். அதன் குறுக்கே நடக்கும் பாத்தியம் பொதுமக்கள் அனைவருக்கும் சொந்தம். பக்கத்து நிலத்துக்காரருக்கு மட்டும் கொடுத்த வழிப்பாத்தியம் இல்லை இது. நேற்று விமானத்தில் வந்து இறங்கியவருக்கும் அதே உரிமை உண்டு. நிலம் கைமாறினாலும் பாத்தியம் நிலத்தோடேயே போகும். ஒருமுறை பொது வழி என்று ஆகிவிட்டால் அது என்றைக்கும் பொது வழிதான் என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் மிகப் பழைய கொள்கை. பல ஆண்டுகள் யாரும் நடக்காமல் முள் மண்டிப்போனாலும், முறையான உத்தரவு போட்டு மூடினாலொழிய, உரிமை அழியாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பொது வழிகள் ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர். ஒரு வழி எப்படிப் பொது வழியாகிறது? பெரும்பாலும் நடந்து நடந்துதான். பொதுமக்கள் தடையில்லாமல் 20 ஆண்டுகள் ஒரு வழியைப் பயன்படுத்தியிருந்தால், நிலத்துக்காரர் அதைப் பொதுவுக்கு விட்டுவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 1932ஆம் ஆண்டுச் சட்டம் இந்த 20 ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தது. இப்போது அது 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் இருக்கிறது. நிபந்தனை மூன்று: வேலியை உடைத்துப் போயிருக்கக் கூடாது, ஒளிந்து போயிருக்கக் கூடாது, அனுமதி கேட்டுப் போயிருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். நிலத்துக்காரர் "போய்க்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தால் அது அவருடைய தயவு. தயவிலிருந்து உரிமை பிறக்காது. அதனால்தான் சில நிலங்களில் "இது நிலத்துக்காரரின் அனுமதியால் மட்டும் திறந்திருக்கும் வழி" என்று அறிவிப்பு எழுதி வைக்கிறார்கள். மரியாதையான வாசகம்தான், ஆனால் அதன் வேலை உரிமை உருவாகாமல் தடுப்பது.

விடாமல் பயன்படுத்தி வழியைக் காப்பது என்ற இந்த யோசனை சட்டப் புத்தகத்தில் வருவதற்கு வெகுகாலம் முன்பே பர்பெக் கல்தச்சர்களுக்குத் தெரிந்திருந்தது. வொர்த் மட்ராவர்ஸுக்கு வடக்கே, இடிந்த கோட்டை நிற்கும் கோர்ஃப் காசில் என்ற ஊர். இடைக்காலத்தில் பர்பெக் மார்பிள் என்ற கல்லுக்குப் பெரிய கிராக்கி. பெயர்தான் மார்பிள், நன்னீர் நத்தை ஓடுகள் நெருக்கமாகப் பதிந்த சுண்ணாம்புக்கல் அது. தேய்த்தால் பளபளக்கும். சாலிஸ்பரி தேவாலயத்திலும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலும் நிற்கும் கருமையான மெல்லிய தூண்கள் இந்தக் கல்லில் செய்தவை. கல்லை வண்டியில் ஏற்றி, வடக்கே புதர்க்காட்டின் குறுக்காகப் பூல் துறைமுகத்தின் கரையில் இருக்கும் ஓவர் என்ற இடத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றினார்கள். வழி வேறொருவர் நிலத்தில். அதற்கு ஆண்டு வாடகை ஒரு பவுண்டு எடை மிளகும் ஒரு கால்பந்தும்.

கல்தச்சர் சங்கத்தின் கையில் இருக்கும் விதிமுறைகள் 1551ஆம் ஆண்டு தேதியிட்டவை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்குவதற்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை நண்பகலில், கோர்ஃப் காசில் நகர மன்றத்தில் அவர்கள் இன்றைக்கும் கூடுகிறார்கள். புதிதாகச் சேரும் இளைஞர் கையில் ஒரு ரொட்டியும் ததும்பும் பீர் குவளையும் ஏந்தி வர, பழைய ஆட்கள் அதைச் சிந்த வைக்கப் பார்ப்பார்கள். அப்புறம் தெருவில் பந்தை உதைப்பார்கள். மிளகு ஓவருக்குப் போகும். அந்தத் துறையில் கல்லேற்றுவது நின்று நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் வாடகை நின்றால் வழி போய்விடும் என்ற நினைப்பில் சடங்கு தொடர்கிறது. வேடிக்கை பார்க்க வருபவர்கள் இதை ஒரு விளையாட்டாகப் பார்க்கலாம். எனக்கு இது இந்த வட்டாரத்தின் மிக முக்கியமான ஆவணமாகப் படுகிறது. எழுதி வைத்த பத்திரம் தொலைந்துபோகலாம். ஊர் கூடி ஆண்டுதோறும் செய்வதை மறுக்க முடியாது.

நடப்பவர் அறிய வேண்டிய நடைமுறை விதிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழிகாட்டிக் கம்பங்களில் மஞ்சள் அம்பு என்றால் நடப்பவருக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரையும் போகலாம், 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சைக்கிளும் போகலாம். ஓக் மரத்தின் காய் வரைந்திருந்தால் அது தேசிய நெடும்பாதைகளில் ஒன்று; இங்கே அது கடலோரப் பாதை. வயலின் குறுக்கே போகும் நடைபாதையை விவசாயி உழலாம். ஆனால் விதைப்புக்காக உழுதால் 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு வழியைத் திரும்ப அமைத்துக் கொடுக்க வேண்டும். வயலோர நடைபாதையை உழவே கூடாது. காளை மாடு பற்றியும் சட்டம் உண்டு: பொது வழி போகும் வயலில், பத்து மாதத்துக்கு மேற்பட்ட கறவை இனக் காளையை விடக் கூடாது. மற்ற இனக் காளை என்றால் பசுக்களோடு சேர்த்து விடலாம், தனியாக விடக் கூடாது. பசுக்கள் கன்றோடு நிற்கும் வயலில்தான் உண்மையில் அதிகக் கவனம் வேண்டும், அதுவும் நாயோடு போனால். கற்சுவரைத் தாண்ட இரண்டு பக்கமும் கல்லையே நீட்டிப் படியாக வைத்திருப்பார்கள். மழை நாளில் அது வழுக்கும். கதவு இருந்தால், திறந்து போனவர் அதை மூடிவிட்டுப் போக வேண்டும்.

பாதிரியார் நடந்த வழி

கிழக்கே ஸ்வானேஜுக்குப் போகும் பழைய வழிக்கு பிரீஸ்ட்ஸ் வே என்று பெயர். ஒரு காலத்தில் ஸ்வானேஜுக்குத் தனியாகப் பாதிரியார் கிடையாது. வொர்த் மட்ராவர்ஸின் பாதிரியார்தான் இங்கும் அங்கும் நடந்து பூசை வைத்தார். இன்றைக்கு ஸ்வானேஜ் ஆயிரக்கணக்கானோர் வசிக்கும் கடற்கரை நகரம். அன்று வொர்த் பெரிய ஊர், அது துணை ஊர். சுமார் ஐந்தரை கிலோமீட்டர். பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல், இரு பக்கமும் சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்களுக்கு நடுவே மேட்டுநிலத்தில் நேராகப் போகும் வழி. கடல் வலப்பக்கம் தெரிந்துகொண்டே வரும்.

பாதி வழியில் பாதையை ஒட்டி கீட்ஸ் குவாரி என்ற இடம். கல்லெடுக்கும்போது ஒரு பாறைத்தளம் முழுக்கப் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. பார்த்தால் டைனோசர் காலடிகள். நூற்றுக்கும் மேல். நீண்ட கழுத்துள்ள, தாவரம் தின்னும் பெரிய இனம். வயது சுமார் 14 கோடி ஆண்டு. அன்று இந்த இடம் ஆழமில்லாத உப்பங்கழி. மிருகங்கள் தண்ணீர் தேடி வந்து சேற்றில் மிதித்த தடங்கள் கல்லாகிவிட்டன. பழைய இடங்களையும் இயற்கை நிலங்களையும் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் அந்தத் தளத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை. மழை பெய்து பள்ளங்களில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது போனால் தடங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும். ஏப்ரல் மே மாதங்களில் இந்தச் சுற்றுவட்டாரப் புல்வெளிகளில் சிலந்தி ஆர்க்கிட் என்ற அபூர்வமான சிறு பூ பூக்கிறது. குனிந்து தேடினால்தான் கண்ணில் படும்.

ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தையும் பார்க்காமல் போகக் கூடாது. அங்கே பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி அடக்கமாகியிருக்கிறார். 1774இல், பெரியம்மை பரவிய சமயத்தில், பசு அம்மை வந்த மாட்டின் மடியிலிருந்து எடுத்ததைத் துணி தைக்கும் ஊசியால் தன் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் குத்தியவர். பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பேர்போன மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் தன் புகழ்பெற்ற சோதனையைச் செய்தது 1796இல். ஜெஸ்டி அப்போது டோர்செட்டின் இன்னொரு மூலையில் இருந்தார். பிறகு இந்த ஊர்ப்பக்கம் குடிவந்து 1816இல் இறந்தார். பசு அம்மையைத் தடுப்பூசியாகப் போட்ட முதல் ஆள் இவர்தான் என்று கல்லறைக் கல்லே சொல்கிறது.

காவலர் நடந்த விளிம்பு

கடலோரப் பாதையின் கதை தனி. தென்மேற்குக் கடலோரப் பாதை சோமர்செட்டில் மைன்ஹெட் ஊரில் தொடங்கி, கார்ன்வால் முனையைச் சுற்றி, பூல் துறைமுகத்தின் வாயில் முடியும் 630 மைல் நடை. பல இடங்களில் இது கடலோரக் காவலர்கள் கடத்தல்காரர்களைத் தேடி ரோந்து நடந்த தடம். பிராந்திக்கும் தேயிலைக்கும் புகையிலைக்கும் கடும் வரி இருந்த காலம். ஒவ்வொரு சிறு வளைகுடாவிலும் இரவில் படகு ஒதுங்கலாம். மேலே குறுக்குவழியில் போனால் கீழே நடப்பது தெரியாது. ஆகவே காவலர் ஒவ்வொரு விளிம்பையும் ஒட்டியே நடந்தாக வேண்டியிருந்தது. இந்தப் பாதை ஏன் இத்தனை தடவை இறங்கி ஏறுகிறது, ஏன் சுருக்கு வழியே இல்லை என்று முழங்கால் வலியோடு கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.

வின்ஸ்பிட்டிலிருந்து மேற்கே போனால் செயின்ட் ஆல்தெல்ம் முனை. கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேல். அங்கே 12ஆம் நூற்றாண்டுக் கற்கோவில் ஒன்று தனியாக நிற்கிறது. சதுர வடிவம். சுவர்கள் திசையைப் பார்க்காமல், மூலைகள் நான்கு திசைகளையும் பார்க்கின்றன. உள்ளே நடுவில் ஒரே ஒரு பருத்த தூண். பக்கத்தில் கடலோரக் காவலர் குடியிருந்த வீட்டு வரிசை, தன்னார்வலர்கள் கப்பல்களைக் கண்காணிக்கும் சிறு நிலையம், அப்புறம் ரேடார் நினைவுச்சின்னம்.

ரேடாரா, இங்கேயா என்று தோன்றும். 1940 மே மாதம் பிரிட்டனின் ரேடார் ஆராய்ச்சி நிலையம் இந்தக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்த ரகசிய நிறுவனமாக அது வளர்ந்தது. சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் புதிய ரேடாரை முதலில் சோதித்தவர்கள் இவர்கள். 1940 ஆகஸ்டில், தரையோடு ஒட்டி நகரும் சிறு பொருளையும் பிடிக்க முடியுமா என்று பார்க்க, ஒருவரைத் தகரத் துண்டோடு சைக்கிளில் பாறை ஓரமாக ஓட்டிப் போகச் சொன்னார்கள். கருவியில் தெரிந்தது. 1942 மே மாதம், ஜெர்மானியர் பதிலடித் தாக்குதல் நடத்தலாம் என்ற பயத்தில், நிலையம் உள்நாட்டில் இருக்கும் மால்வெர்னுக்கு மாறியது. வயல்களில் அந்த இரண்டு ஆண்டுகளின் தடயம் இன்று மிகக் குறைவு.

முனையைத் தாண்டியதும் பாதை ஒரு பள்ளத்துக்குள் படிபடியாக இறங்கி மறுபக்கம் அதே அளவு ஏறும். இந்தப் பகுதியின் கடினமான துண்டு இதுதான். மேலே வந்தால் சாப்மன்ஸ் பூல் கீழே வட்டமாகத் தெரியும். இங்கே பாறை மாறிவிடுகிறது. உச்சியில் இருப்பது உறுதியான போர்ட்லாந்துக் கல். அடியில் இருப்பது கிமரிட்ஜ் களிமண், கறுப்பாக, ஏடு ஏடாக, அம்மோனைட் என்ற, அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடல் உயிரியின் படிமங்கள் நிறைந்தது. மழையில் ஊறிக் களிமண் நழுவ, மேலே இருக்கும் கல்லும் சேர்ந்து சரியும். இந்தக் கரை 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜுராசிக் கடற்கரையின் பகுதி. அரிப்பு நடந்துகொண்டே இருப்பதால்தான் படிமங்கள் வெளிப்படுகின்றன. அதே அரிப்புதான் பாதையையும் தின்கிறது. சாப்மன்ஸ் பூல் பக்கம் நிலச்சரிவால் கடலோரப் பாதையை உள்பக்கமாகத் திருப்பிவிட வேண்டியிருந்தது. வொர்த் மட்ராவர்ஸிலிருந்து சீகோம், வின்ஸ்பிட், முனை, சாப்மன்ஸ் பூல் மேடு, ரென்ஸ்கோம் பண்ணை வழியாகத் திரும்பினால் சுமார் 10 கிலோமீட்டர் சுற்று. ஒரு பகல் பொழுது ஒதுக்குங்கள். தூரத்தைவிட ஏற்றம்தான் நேரத்தைத் தின்னும்.

பழைய சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பாதை இருக்கும் நிலமே கடலில் விழுந்துவிட்டால் பாத்தியமும் அதோடு போய்விடும். பக்கத்தில் புதிய வழி வேண்டுமென்றால் நிலத்துக்காரரோடு புதிதாகத் தொடங்க வேண்டும். 2009ஆம் ஆண்டு கடல் மற்றும் கடலோர அணுகல் சட்டம் இதை மாற்றியது. இங்கிலாந்துக் கரை முழுவதையும் சுற்றி ஒரே பாதை அமைக்க வகை செய்த அந்தச் சட்டத்தின் கீழ், விளிம்பு பின்வாங்கினால் பாதையும் அதோடு உள்ளே நகரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியும். அதன் முதல் துண்டு 2012இல் திறந்தது, இங்கிருந்து அதிக தூரமில்லாத வேமத் விரிகுடாவில்தான். மன்னர் மூன்றாம் சார்லஸ் பெயரை 2023இல் அதற்கு வைத்தார்கள். நீளம் சுமார் 2,700 மைல். பாதையின் பழைய தத்துவத்துக்கு இது ஒரு புதிய சேர்க்கை: இதுவரை ஒரு கோட்டின் மேல் இருந்த உரிமை, இப்போது நகரும் கரையின் மேல் இருக்கிறது. சட்டமாக எனக்கு இது மிகப் பிடித்த ஒன்று.

இந்த உரிமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கவும் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. மேற்கே டைன்ஹாம் என்ற கிராமம். 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காக இருநூற்றுக்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றினார்கள். போர் முடிந்தபிறகும் திரும்ப விடவில்லை. வீடுகள் கூரையில்லாமல் நிற்கின்றன. அந்த நிலத்தில் நடக்கலாம், ஆனால் பெரும்பாலும் வார இறுதிகளிலும் விடுமுறைக் காலங்களிலும் மட்டும், மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே. சிவப்புக் கொடி பறந்தால் வழி மூடியிருக்கிறது என்று பொருள். அங்கே நடப்பது ராணுவ அட்டவணையின்படி.

வொர்த் மட்ராவர்ஸின் பாதைகளுக்கு அந்த நிலை வராதபடி காப்பது ஒரு வரைபடம். 1949ஆம் ஆண்டு தேசியப் பூங்காக்கள் சட்டத்துக்குப் பிறகு ஊராட்சி மாதிரியான ஒவ்வொரு பாரிஷ் கவுன்சிலும் தன் எல்லைக்குள் இருக்கும் வழிகளை நடந்து பார்த்துப் பட்டியல் போட்டது. அதிலிருந்து உருவானதுதான் சட்டப்படி இறுதியான வழிவரைபடம். அதில் கோடு இருந்தால் வழக்கே இல்லை. சில பாரிஷ்கள் அக்கறையாகச் செய்தன. சில இடங்களில் பட்டியல் போட்டவரே நிலத்துக்காரராக இருந்தார், அல்லது யாருக்கும் நேரமில்லை. விடுபட்ட வழிகள் ஏராளம். 2000ஆம் ஆண்டுச் சட்டம், 1949க்கு முன்பே இருந்து வரைபடத்தில் ஏறாத வழிகள் 2026 ஜனவரி 1 அன்று காலாவதியாகும் என்றது. பிறகு கெடு 2031க்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில் அரசு அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக அறிவித்தது.

கெடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடுபட்ட வழியை வரைபடத்தில் ஏற்ற சான்று வேண்டும். 20 ஆண்டு நடந்தவர்களின் வாக்குமூலம், அல்லது பழைய ஆவணம். தேவாலய வரிக்காக 1830களின் பிற்பகுதியிலிருந்து வரைந்த நில வரைபடங்கள், பொது நிலத்தை வேலி போட்டுப் பிரித்தபோது எழுதிய தீர்ப்புகள், ரயில் பாதைக்காகப் போட்ட திட்டங்கள் எல்லாம் சான்றாகும். டோர்செட் மாவட்டத்துக்கான இத்தகைய ஆவணங்கள் டோர்செஸ்டரில் இருக்கும் வரலாற்று மையத்தில் இருக்கின்றன. விண்ணப்பம் போடுபவர்கள் பெரும்பாலும் சாதாரண நடைப்பயணிகள். ஒரு கோடு வரைபடத்தில் ஏறப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த வழியில் நடந்துகொண்டிருப்பதும் விண்ணப்பத்தின் பகுதிதான்.